கைக்கும் அச்சுக்கும் நடுவே

மார்ச் 4
புது ஒளிக்கம்பங்கள் வந்துவிட்டன. தகட்டை அச்சில் வைத்து அழுத்தும் பெரிய பிரஸ் மெஷினுக்கு முன்னால் இரண்டு பக்கமும் நிறுத்தினால், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை விழும். கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். மாட்டும் வேலை எனக்கு. எலெக்ட்ரீஷியன் ஆனதிலிருந்து இப்படி ஆசையாக எந்த வேலைக்கும் போனதில்லை. அந்த மெஷினில் நிற்பவர் என் வீட்டுக்காரர்.

மார்ச் 6
சூப்பர்வைசர் சொன்ன இடத்தில் கம்பங்களை வைத்து, ஒரு கட்டையை வேகமாக உள்ளே நீட்டிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷினும் நின்றது, கட்டையை நசுக்கிவிட்டு. ஒளி மறைந்த நொடியே அது நிற்பதில்லை. இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் நிற்கிறது. கை அச்சுக்குப் போய்ச் சேருமுன் நிற்க வேண்டுமானால், கம்பங்களை மெஷினிலிருந்து இன்னும் தள்ளி வைக்க வேண்டும். சூப்பர்வைசரிடம் காட்டினேன். தள்ளி வைத்தால் எட்டி எட்டித் தகடு போட வேண்டும், வேலை படுத்துவிடும் என்றார். "பச்சை லைட் எரியுதில்ல? அது போதும்மா."

மார்ச் 7
முடியாது என்றேன். என்னைப் பம்ப் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். வேறு ஆள் அதே இடத்தில் மாட்டிவிட்டான்.

மார்ச் 8
அங்கே நிற்காதீர்கள் என்று இவரிடம் கெஞ்சினேன். "நான் மாட்டேன்னா இன்னொருத்தன நிறுத்துவாங்க. அவனுக்கு மட்டும் இரும்புக் கையா?" சிரித்தார்.

மார்ச் 19
வலது கை. மூன்று விரல்.

மார்ச் 20
மெயின் ஒயரையே புடுங்கிப் போட்டிருக்கலாமே. வேலை போனா போகட்டும்னு... ஏன் செய்யல? பம்ப் ரூம்ல என்ன புடுங்கிட்டு இருந்தேன்?

மார்ச் 24
மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவசரப்பட்டதுதான் காரணம் என்று பழியை இவர் மேலேயே போட்டார். இவரும் தலையாட்டினார். அவர் போனதும் ஏன் என்று கேட்டேன்.

"உன் வேலையாவது மிஞ்சட்டும்."

படியிறங்கி ஓடினேன். காரில் ஏறப் போனவரை மறித்து, கட்டை நசுங்கியதையும் சூப்பர்வைசர் சொன்னதையும் கொட்டித் தீர்த்தேன். அப்புறம் பேசலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 9
விபத்தை விசாரிக்க வந்த அரசாங்க அதிகாரியிடமும் அதையே சொன்னேன். கம்பங்களைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டார். வைத்தது நான்தான். சோதித்தபோது மெஷின் கட்டையைத் தொடாமல் பாதியிலேயே நின்றது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அந்தச் சத்தம் தாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் இவர் இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க."

பொத்தானை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.