பென்சில் கரிக்கு மூன்று கையெழுத்து

சங்கரன்கோவில்,
17.8.2025, ஞாயிறு.

அன்புள்ள ஜெபிதாவுக்கு,

மஸ்கட் வெயிலில் நீயும் ரூபஸும் மருமகளும் சின்னக்குட்டியும் சுகமாய் இருக்க வேண்டும். இங்கே நான் சுகம்தான், வலது முழங்காலைத் தவிர. மாடிப்படி ஏறாதீர்கள் என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்து கெமிஸ்ட்ரி லேபைக் கீழே இறக்கி வைத்துவிட்டுச் சொல்லட்டும். நீ ரிட்டயராகி இரண்டு வருஷம் ஆகியும் உன் இடத்துக்குத் தமிழ் டீச்சர் வரவில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலக்கணத்தை டிரில் மாஸ்டர் வாசித்துக் காட்டுகிறார். அவருக்கும் புரியவில்லை, பிள்ளைகளுக்கும் புரியவில்லை, அதனால் சண்டை இல்லாமல் போகிறது.

பணம் மாட்டிக்கொண்டது தெரிந்த நாளிலிருந்து, நான்கு மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் விழுகிறது. கோபம் என்று தெரியும். அதனாலும் காகிதத்தில் எழுதுகிறேன். இதோடு வைத்திருக்கும் படிவத்தில் உன் அசல் கையெழுத்து வேண்டும், ஸ்கேன் செல்லாது என்கிறார்கள், அதனாலும் எழுதுகிறேன். நம் ஸ்டாஃப் ரூம் நூருல் ஹுதாவின் வீட்டுக்காரர் சித்தீக் லீவு முடிந்து புதன்கிழமை மஸ்கட் கிளம்புகிறார். கடையநல்லூரிலிருந்து போகும் அவர் பெட்டியில் யார் யாருடைய ஊறுகாயோ போகிறது. அதற்கு நடுவில் உனக்கும் நாரத்தங்காய் வைத்திருக்கிறேன், எண்ணெய் கசியாமல் இரண்டு கவர் போட்டு. கையெழுத்துப் போட்ட படிவத்தை, 25ஆம் தேதி ஊர் திரும்பும் அவருடைய கூட்டாளி கையில் கொடுத்தனுப்பு. மாதக் கடைசிக்குள் அது கோயம்புத்தூர் கம்பெனியில் இருக்க வேண்டும்.

ஆமாம், ஸ்ரீராம்குமார் கம்பெனி விஷயம்தான்.

போன மாதம் அவன் வந்திருந்தான். லேபில் எனக்கு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தான். முப்பத்திரண்டு வயதுதான், தாடியில் பாதி நரைத்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆண்டுவிழா மேடையில் பென்சில் கரியை செல்லோ டேப்பில் ஒட்டி ஒட்டி உரித்துக் காட்டினானே, அந்தப் பையனை இந்த முகத்தில் தேட வேண்டியிருந்தது. கிராஃபீன் என்றால் இதுதான், ஓர் அணு கனமுள்ள கரித்தாள், இரும்பைவிட வலுவானது, பெயின்டில் கலந்தால் துரு பிடிக்காது, நூலில் பூசினால் அறுகாது என்று அவன் சொல்லச் சொல்ல, நான் முன்வரிசையில் எழுந்து நின்று, ஆமாம் உண்மை, நான் பாடம் நடத்துகிற கார்பன்தான் என்று சொன்னேன். என் மாணவன் என்ற பெருமை எனக்குத் தலைக்கேறியிருந்தது. இப்போது எழுதும்போதும் முகம் சுடுகிறது.

அவன் யாரையும் ஏமாற்றவில்லை, ஜெபி. அதுதான் ஆயாசமாக இருக்கிறது. ஏமாற்றியிருந்தால் போலீஸுக்குப் போகலாம், திட்டலாம், மண்ணை வாரித் தூற்றலாம். “பொருள்ல குறை இல்ல மிஸ். எல்லாரும் சாம்பிள் கேக்காங்க. மூணு வருசமா சாம்பிள் அனுப்புதேன். ஆர்டர்தான் வரல” என்றான். கிலோக் கணக்கில் செய்தால் தரம் நிற்கிறதாம். பெரிய கம்பெனிக்காரன் டன் கணக்கில் கேட்கிறான். டன் கணக்கில் செய்தால் ஒரு மூட்டை போல இன்னொரு மூட்டை வருவதில்லையாம். கரிவலம்வந்தநல்லூரில் அவன் அப்பாவுடைய வயல் பேங்க்கில் இருக்கிறது. சாப்பிடச் சொன்னேன், டீ மட்டும் குடித்துவிட்டுப் போனான்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. மே லீவில் நூருல் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்டாள். தறி வைத்திருக்கும் கோமதிநாதன் அண்ணாச்சியிடம் அந்த நூல் சாம்பிளைக் காட்டினோம். இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். “அறுகலதாம்மா, ஒத்துக்கிடுதேன். ஆனா நெறம் சாம்பலால்லா இருக்கு. சாம்பல் கலர் சேலைய நான் யாருக்கும்மா விக்க?” என்று கேட்டார். பெயின்ட் கடைக்காரரோ லிட்டருக்கு எவ்வளவு கூடும் என்று கேட்டுவிட்டு, சுவர் துரு பிடிக்காதே டீச்சர் என்று சிரித்தார். கம்பிக்கும் கேட்டுக்கும் அடிக்கலாமே என்றேன். துருவேறி ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வந்தால்தானே கடை நடக்கும் என்றார். நூருல் இதையெல்லாம் மணி மணியாக எழுதிக்கொண்டு வந்தாள். அந்த நோட்டை மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்டிருக்க வேண்டும்.

அப்போது நீ ஒருத்திதான் அந்தக் கேள்வியைக் கேட்டாய். ஸ்டாஃப் ரூமில், எல்லோர் முன்னாலும், “எல்லாம் சரி மீனா, இத யாரு வாங்குவா?” என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். நீ தமிழ் டீச்சர், உனக்கு இது புரியாது என்றேன். நமக்கு டீ கொண்டுவந்த ஆயா மாரித்தாய் கிளாஸை வைத்துக்கொண்டு நின்றாள். அப்படியும், மறுவாரம் எனக்காக நீயும் பணம் போட்டாய். ஒரு பெயரில் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது, நாம்தான் தீபாவளிப் பலகாரச் சீட்டு முதல் ஃபேர்வெல் மோதிரம் வரை எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுப் பழகியவர்களாயிற்றே, நாலு பேர் பணத்தையும் சேர்த்து உன் பெயரில் பங்கு வாங்கினோம். ரூபஸ் உனக்குப் பங்கு வாங்கும் கணக்குத் திறந்து வைத்திருந்தான் என்பதுதான் காரணம். அதன் வினை, இன்று நாலு பேரும் ஒன்றாய்த்தான் விற்க முடியும், ஒன்றாய்த்தான் வைத்திருக்க முடியும். எதற்கும் நீதான் கையெழுத்துப் போட வேண்டும்.

விஷயம் இதுதான். ஒரு பெரிய பெயின்ட் கம்பெனி அவன் கம்பெனியை மெஷினும் லேபுமாய் எடுத்துக்கொள்கிறது. இந்த மாதத்துக்குள் பங்கைக் கொடுத்துவிட்டால் போட்டதில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும். இல்லையென்றால் வைத்திருக்கலாம்; இன்னும் மூன்று, நான்கு வருஷத்தில் ஆர்டர் வந்தாலும் வரலாம், ஆனால் இப்போது மேலே கொஞ்சம் போட வேண்டும். எதைச் செய்யலாம் என்று ஸ்ரீராம்குமாரிடம் கேட்டேன். அவன் பையிலிருந்து இந்தப் படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தான். நூருல் விற்றுவிடலாம் என்றாள். மாரித்தாய்தான் விற்க மாட்டேன் என்றாள்.

அவள் போட்டது எது என்று உனக்குத் தெரியும். தறிக்குப் போய் வந்துகொண்டிருந்த அவள் வீட்டுக்காரரை லாரி அடித்தபோது வந்த பணம். மகள் ராஜேஸ்வரிக்கு நர்சிங் மூன்றாம் வருஷம் தொடங்கிவிட்டது. ஃபீஸுக்கு அடுத்த மாதம் வரை தவணை வாங்கியிருக்கிறாள். அப்படியிருந்தும், வளையலை வைத்தாவது மேலே போட்டுவிடலாம் டீச்சர் என்கிறாள். ஏன் என்று கேட்டால், நீங்கதான அன்னைக்கு உண்மைன்னு சொன்னிய என்கிறாள். விற்றுவிடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் மூடிக்கொண்டது. இதே வாய்தானே அன்றைக்கும் சொன்னது? இதுவும் தப்பாகிவிட்டால்?

அப்போது அவளே, அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள். வெள்ளை வந்தால் விற்பது, சிவப்பு வந்தால் வைத்திருப்பது. முப்பது வருஷமாக இதையெல்லாம் கேலி செய்த நான், சரி என்றேன். பூவை நானே கட்டிக் கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன்.

நேற்று முன்தினம், சுதந்திர தினக் கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்தபின் கோயிலுக்குப் போனோம். ஆடிக் கடைசி வெள்ளி, கூட்டம் சொல்லி மாளாது. நூருல் வெளியே பூக்கடைப் பக்கம் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நின்றாள். சன்னதியில் இரண்டு பொட்டலத்தையும் வைத்துக் கும்பிட்டோம். பக்கத்தில் நின்ற முகம் தெரியாத ஒரு பெண்ணை எடுத்துத் தரச் சொன்னோம். பிரித்தால் நந்தியாவட்டை. வெள்ளை. மாரித்தாய் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சரி, அம்மனே சொல்லிட்டா என்றாள்.

ஜெபி, இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டைதான் வைத்திருந்தேன். செவ்வரளிச் செடிக்குக் கிட்டக்கூடப் போகவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

இனி உன் வேலை. அவள் போட்டதைப் போல் நான் இரண்டு மடங்கு போட்டிருந்தேன். என் பங்குக்கு வருவதை அவளுக்கு வருவதோடு சேர்த்தால், அவள் போட்டது முழுதாய் அவளுக்குக் கிடைத்துவிடும். அவள் உனக்குப் போன் செய்வாள். நீ அவள் போனை எடுப்பாய் என்று தெரியும். சின்னப் பங்குக்காரர்களுக்குக் கம்பெனி முழுசாய்க் கொடுத்துவிட்டது என்று சொல்லிவிடு. நீ பொய் சொல்ல மாட்டாய். எனக்காக ஒரே ஒரு தடவை.

19.8.2025, செவ்வாய்.

கவரை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன். நீ அதையும் வாசித்துவிட்டு இதை வாசி.

நேற்று மூன்றாவது பீரியட் எனக்கு வகுப்பு இல்லை. மாரித்தாய் லேபுக்கு வந்தாள். குடுவை கழுவத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். முந்தானையில் முடிந்திருந்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில், என் முன்னால் வைத்தாள். அன்றைக்கு எடுக்காமல் விட்ட பொட்டலம். அம்மன் பூ, காலில் மிதிபடக் கூடாது என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். வீட்டில் படத்துக்கு வைக்கலாம் என்று பிரித்திருக்கிறாள். வாடிப் பழுப்பேறியிருந்தது. ஆனாலும் வெள்ளை வெள்ளைதானே.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “விக்கணும்னா விக்கணும்னு ஏங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா டீச்சர். அதுக்கு எதுக்கு என்னை அம்மன்கிட்டக் கூட்டிட்டுப் போனிய? நீங்க சொன்னா நான் கேக்க மாட்டேனா?” என்றாள். சத்தம்கூட உயரவில்லை. நான் பீரோ சாவியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசல் வரை போனவள் திரும்பி, “ராஜிகிட்ட ஒண்ணும் சொல்லல. பூ வெள்ளைன்னு மட்டும் சொல்லியிருக்கேன்” என்றாள். பிறகு போய் பீரியட் மணியை அடித்தாள். எனக்கு அடுத்த வகுப்பு இருந்தது. போய் நடத்தினேன்.

அவளுக்குக் கொஞ்சம்கூட என் மேல் நம்பிக்கை குறையவில்லை, ஜெபி. அதைத்தான் தாங்க முடியவில்லை. முதல் தடவை தெரியாமல் தப்பு செய்தேன். இரண்டாவது தடவை, தெரிந்தே, அவளுக்கு நல்லது என்று நினைத்து, அவளை ஒரு மனுஷியாய் மதிக்காமல் செய்தேன். உன்னிடம் சொன்ன அந்தச் சொல்லும் இதே ரகம்தான் என்று நேற்றுத்தான் உறைத்தது.

ஆகவே நீ அவளிடம் பொய் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேட்டால், மூன்றில் ஒரு பங்குதான் என்று உள்ளதைச் சொல். மீதியை நானே அவள் கையில் கொடுத்து, இது என் பங்கு, ராஜியின் படிப்புக்கு வாங்கிக்கொள் என்று சொல்லப்போகிறேன். வாங்குவாளோ மாட்டாளோ. வாங்காவிட்டால் மறுபடி போய் நிற்பேன்.

உன் பங்கில் போனதற்கு நான் என்ன செய்வேன்? உனக்குத் தர என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கு நீ கேட்டதுதான் சரியான கேள்வி. மன்னித்துவிடு. எல்லோர் முன்னாலும் அப்படிப் பேசினேன், இதையும் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும் என்று ஸ்டாஃப் ரூமில் நேற்று மத்தியானம் சொல்லிவிட்டேன். டிரில் மாஸ்டர் இட்லி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நூருல் அழுதாள்.

உன் கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். எங்கள் அம்மனிடம் இப்போதைக்குப் போய் நிற்க எனக்கு முகம் இல்லை. ஊறுகாயை ஒரு வாரம் வெயிலில் வை. போனை எடுக்க மனம் வரும்போது எடு, திட்டுவதற்காகவாவது எடு.

படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போடு. இனி என்னை நம்பி எதிலும் கையெழுத்துப் போடாதே. இதில் மட்டும் போட்டு அனுப்பு.

உன்,
மீனலோசினி