அப்பா குடித்த பாதி

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், நேரத்துக்குத் தூங்குகிறாய், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாய் என்று நானாகவே நினைத்துக்கொண்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் நலம். நலம் என்று எழுதும்போதே உன் புருவம் மேலே ஏறுவது இங்கிருந்து தெரிகிறது, ஏறட்டும், முழுவதும் படித்துவிட்டு இறக்கிக்கொள். போன் எடுத்ததும் நீ கேட்கிற முதல் கேள்வி "அம்மா, பீரை விட்டாச்சா?" என்பதுதான், நானும் அங்கே குளிர் எப்படி, வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினாரா என்று பிடிகொடுக்காமல் பேசித் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் போனில் உண்மையைச் சொல்ல முடியாது, பாதியிலேயே அழ ஆரம்பித்துவிடுவாய். போன தடவை நீ மூக்கை உறிஞ்சியபோது சளி பிடித்திருக்கிறது, சுடுதண்ணீர் குடி என்று சொல்லி வைத்தேனே, அது சளி இல்லை என்று எனக்குத் தெரியாதா. அதனால்தான் கடிதம். கடிதத்தை நடுவில் மறித்து யாரும் அழ முடியாது.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். வயிற்றை ஸ்கேன் எடுத்து, ரத்தமும் சோதித்துப் பார்த்துவிட்டு, நம் தெருமுனை கிளினிக் டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், ஆனால் முகத்தை என் மாமியார் மாதிரி வைத்துக்கொள்வாள், "கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. இப்ப நிறுத்தினா தானா சரியாகிடும். இப்படியே போச்சுன்னா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல" என்றாள். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம், வாய் சும்மா இருக்குமா, பீரில் பாதிக்கு மேல் தண்ணீர்தானே டாக்டர் என்று கேட்டுவிட்டேன். அவள் எழுதுவதை நிறுத்தாமல், "மீதியைப் பத்திதான் நான் பேசிட்டிருக்கேன்" என்றாள். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பை அடக்கியதில் நாற்காலி கிறீச்சிட்டது. இதையெல்லாம் அவர் உனக்கு அன்றைக்கே போன் போட்டு ஒப்பித்துவிட்டார், நீயும் உடனே என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாய்.

அந்தச் சத்தியத்தை நான் விளையாட்டுக்குப் பண்ணவில்லை. ஆனால் என் பக்கத்தையும் கொஞ்சம் கேள். காலையிலிருந்து ஊரிலுள்ள ஃப்ரிட்ஜ் அத்தனையின் முதுகுப்புறத்தையும் பார்த்துக்கொண்டு, கம்ப்ரசர் சூட்டில் வெந்து, பற்றவைக்கிற புகையைத் தின்று, ஒரு ஆள் தூக்க முடியாததைத் தோளில் சாய்த்து நகர்த்திவிட்டு, சாயங்காலம் பட்டறைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு உட்காரும்போது ஒரு பாட்டில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும் பார், அன்றைக்கு முழுவதும் யாரும் சொல்லாத நல்ல வார்த்தை அது. தொண்டையில் இறங்கும் அந்த முதல் வாய், கசப்பும் குளிர்ச்சியும், அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஊருக்கெல்லாம் குளிர்ச்சியைச் சரிசெய்து கொடுக்கிறவளுக்கு அவள் பங்குக் குளிர்ச்சி வேண்டாமா? நான் குடிகாரி இல்லை, ரசிகை என்று சொல்லிக்கொண்டே ஒரு பாட்டில் எப்போது இரண்டாயிற்று, இரண்டு எப்போது வழக்கமாயிற்று என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. தையற்காரரிடம் இடுப்பை மறைக்க முடியுமா? என் வேலை உடுப்பைத் துவைத்துக் காயப்போட்டால் திரும்பி வரும்போது பக்கத்துத் தையல் ஒரு விரல் விட்டுப் பிரித்துத் தைத்திருக்கும். ஒரு வார்த்தை சொன்னதில்லை, நானும் துணி இளகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

சத்தியம் பண்ணிக் கொஞ்ச நாள் ஒழுங்காகத்தான் இருந்தேன். பிறகு தொழில் குறுக்கே வந்தது. உனக்கே தெரியும், ரிப்பேர் பார்த்த ஃப்ரிட்ஜை அப்படியே கொடுத்தனுப்ப மாட்டேன், உள்ளே எதையாவது வைத்து ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன். மற்ற மெக்கானிக்குகள் தண்ணீர் பாட்டில் வைப்பார்கள், நான் பீர் வைப்பேன். தண்ணீர் எல்லாவற்றுக்கும் தலையாட்டும், கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் நாக்குக்குத் தெரியாது. பீர் அப்படி இல்லை, ஒரு வாய் குடித்தால் தெர்மோஸ்டாட் என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இத்தனை வருடமாக நம் பட்டறையிலிருந்து போன ஒரு ஃப்ரிட்ஜாவது திரும்பி வந்திருக்கிறதா? ஆகவே வீட்டில் பீர் இல்லை, சத்தியம் சத்தியமாகவே இருந்தது, வாடிக்கையாளர்களின் ஃப்ரிட்ஜுகளில் மட்டும் சோதனைக்காக இருந்தது. சோதனை முடிந்த பிறகு அதை என்ன செய்வது, கீழே கொட்ட மனசு வருமா. சிரிக்காதே. அன்றைக்கு எனக்கு இது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் கிளினிக்கில் தடுப்பூசி மருந்து வைக்கிற ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் நம்மிடம் வந்தது. அதில் மருந்தைத் தவிர வேறு எதுவும் வைக்கக் கூடாது என்று கதவிலேயே சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கும், குடிதண்ணீர்கூட ஆகாது. ஆனால் குழந்தைகளுக்குப் போடுகிற ஊசி மருந்து இருக்கப்போகிற பெட்டி, அதற்குத்தானே சோதனை கூடுதலாக வேண்டும் என்று நான் ஒன்றுக்கு மூன்றாக வைத்துவிட்டேன், மேல் தட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. மறுநாள் காலையில் நான் ஒரு வீட்டில் வேலையாக இருந்தபோது கிளினிக்கிலிருந்து ஆள் வந்து அவசரப்படுத்தியிருக்கிறார்கள், அப்பாவும் தையலை விட்டு எழுந்து வந்து, நல்ல மனுஷர், ஃப்ரிட்ஜைக் கயிறு போட்டுக் கட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். வண்டிக்காரர் மட்டும், "உள்ள ஏதோ டிங் டிங்னு ஆடுதே" என்று கேட்டிருக்கிறார். அது மருந்துத் தட்டு, பார்த்துப் போங்க என்று அப்பா பதில் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் திரும்பி வந்து காலி இடத்தைப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று முழித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. டாக்டரம்மாதான். "தடுப்பூசி வந்து சேர்ந்துச்சும்மா, நல்லா சில்லுன்னு இருக்கு. மூணு டோஸ். எந்த நோய்க்குப் போடணும்?" என்றாள். நான் ஓடினேன். வரவேற்பறை முழுக்கக் கைக்குழந்தையும் தாயுமாக உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகளை நிறுக்கிற தராசுக்குப் பக்கத்தில் என் மூன்று பாட்டிலையும் நர்ஸ் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறாள், அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை அதைப் பார்த்துச் சிரிக்கிறது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள், திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "நீங்க குடிச்சீங்கன்னு எனக்குக் கோபம் இல்லம்மா. ஒளிச்சு வைக்கிற அளவுக்கு வந்துட்டா அதுக்குப் பேரு ஆசை இல்ல. அதைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள். சுருக்கென்று தைத்தது. அதுவரை எல்லாவற்றையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. கல்லீரலை நினைத்து வந்த பயம் இல்லை, என்னை நினைத்து வந்த பயம்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரேயடியாக நிறுத்துவதுதான் நல்லது என்றாள், சரி என்றேன், உங்க சரியைத்தான் ஃப்ரிட்ஜில் பார்த்தேனே என்றாள். கடைசியில் சனிக்கிழமை மட்டும், பாதி பாட்டில், அதுவும் அப்பா கண்ணெதிரே, தினமும் நடை, ராத்திரிச் சாப்பாட்டில் பாதி தட்டு காய்கறி, அடுத்த பரிசோதனையில் இறங்கவில்லை என்றால் ஜன்மத்துக்கும் ஒரு சொட்டு கிடையாது என்று பேச்சு முடிந்தது. வீட்டுக்கு வந்தால், சேதி எனக்கு முன்பே வந்திருந்தது, அப்பா குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். தையல் மிஷின்தான் அன்றைக்குப் படபடவென்று அதிகம் பேசியது. சாயங்காலம் வந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல" என்றார், அவ்வளவுதான். நாலு அறை விட்டிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

முதல் சனிக்கிழமைதான் சிக்கல் புரிந்தது. பீர் பாட்டிலில் பாதி என்பது நடக்கிற காரியமா? திறந்துவிட்டால் அது நாளைக்கு நிற்காது, நுரை செத்து உப்புச் சப்பில்லாத தண்ணீராகிவிடும். சின்ன டின் வாங்கலாமே என்பாய், டின்னில் வருவதை நான் பீர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அப்பா எழுந்து போய் இரண்டு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். காப்பியில் கசப்பு கூடினாலே முகம் சுளிக்கிற மனுஷர், கல்யாணமான நாளிலிருந்து இந்த வாசனைக்கு ஜன்னலைத் திறந்து வைக்கிற மனுஷர். சரி பாதியாக ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மருந்து குடிக்கிற மாதிரி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு!" என்றார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, அந்தப் பாதி கிளாஸை அத்தனை நேரம் வைத்து ருசித்து நான் என் வாழ்நாளில் குடித்ததில்லை. அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அப்படியேதான். தினமும் நடக்கவும் கூடவே வந்தார், ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்புவோம், வழியில் குழாய் கண்ட இடமெல்லாம் நின்று தண்ணீர் குடிப்பார். உன் பீர்தான் எனக்குத் தாகத்தைக் கிளப்பிவிட்டது என்பார். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்று பல்பை மாற்றச் சொன்னார், மாற்றினேன், அப்புறமும் முடியவில்லை. கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, எனக்கு உறைக்கவில்லை பார்.

போன வாரம் ரிசல்ட் வந்தது. நீ மூச்சை விடு, கல்லீரல் எண்கள் நன்றாக இறங்கியிருக்கின்றன, ஸ்கேனிலும் கொழுப்பு குறைந்திருக்கிறது. டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தாள், பல்வரிசை அழகாகத்தான் இருக்கிறது. பாதி பாட்டிலோடு நிறுத்தினேன் டாக்டர் என்று நான் பெருமையாகச் சொல்ல, அவள் கண்ணைச் சுருக்கி, "அப்ப மீதிப் பாதி யார் குடிச்சாங்க?" என்றாள். உன் அப்பா பள்ளிக்கூடப் பையன் மாதிரி மெதுவாகக் கையைத் தூக்கினார். எங்கே தனக்கும் திட்டு விழப்போகிறதோ என்று பயந்து, குடித்தால் ஒரே தாகமாக இருக்கிறது டாக்டர், ராத்திரியெல்லாம் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்று வேறு சொன்னார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. கையைக் காட்டுங்க என்று அங்கேயே விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை. நன்றாக ஏறிப்போய் இருக்கிறது, எவ்வளவு நாளாகவோ இருந்திருக்கும் என்கிறாள். பயப்படாதே, கண்ணையும் சிறுநீரகத்தையும் பார்த்தாயிற்று, பெரிதாக ஒன்றும் இல்லை, நேரத்தில் பிடித்தோம், மாத்திரை ஆரம்பித்திருக்கிறார், நேற்று நூலைக் கோத்துவிட்டு எனக்குக் காட்டினார். ஒரு நாள்கூடக் காய்ச்சலென்று படுக்காதவர், யாரும் அவருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததே இல்லை, நான் உட்பட. என்னைக் காவல் காக்க வந்தவரை யார் பார்த்தது?

நேற்றுச் சனிக்கிழமை. அவருக்கு இனிமேல் ஒரு சொட்டும் ஆகாது. பழக்கத்தில் பாட்டிலைத் திறந்துவிட்டேன், என் பாதியை ஊற்றிக்கொண்டேன், மீதி அப்படியே நிற்கிறது. அப்பா என்னையே பார்க்கிறார், நீயே குடித்துவிடு, இன்றைக்கு ஒரு நாள்தானே, வீணாகிறதே என்கிறார். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் ஊற்றினேன், கிளாஸில் இருந்ததையும் சேர்த்து. நுரை போய்ச் சேருகிற வரை பார்த்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் மறைப்பானேன், நாக்கில் தண்ணீர் ஊறியது.

அடுத்த மாதம் நீ வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே ரத்தப் பரிசோதனை பண்ணிக்கொள், அம்மா பக்கம் கல்லீரல், அப்பா பக்கம் சர்க்கரை, இரண்டு பக்கச் சொத்துக்கும் நீ ஒருத்திதான் வாரிசு. ரிசல்ட்டைப் படம் எடுத்து அனுப்பு, நன்றாக இருக்கிறது என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டேன், நம் குடும்பத்தைப் பற்றி எனக்குத் தெரியும். நோய் நொடி இல்லாமல், நிறைந்த வயசோடு, மனசுக்குப் பிடித்த ஒரு துணையோடு நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பா உனக்கு ஒரு கம்பளிச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறார், தோள் அளவு அனுப்பு.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். பீரா, அவரா என்று இத்தனை வருடத்தில் என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்மா யோசித்துத்தான் பதில் சொல்லியிருப்பாள் என்று நீ கிண்டல் பண்ணுவாய். நேற்று தொட்டிக்கு நடக்கும்போது நான் யோசிக்கவே இல்லை.

என்றும் உன்
அம்மா