சரிபார்க்க நீ வரவேண்டாம்

அன்பு வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலேயே ‘அய்யோ அம்மா’ என்று குறுக்கே பாய்வாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். அதனால் எழுதுகிறேன், முழுக்கப் படி.

போன வாரம் துள்ளிக்கொண்டு போன் செய்தாயே, ‘ஆபீஸ் செலவுல வர்றேம்மா, ஏதோ ஒரு வாயுக் கம்பெனி எவ்வளவு வாயுவைக் காத்துல விட்டுதுன்னு கணக்கு கொடுத்திருக்காங்களாம், அதைச் சரிபார்த்துட்டு அப்படியே வீட்டுக்கு வந்துடுவேன்’ என்று. மறுநாள் ஆபீசுக்கு வந்த கடிதத்தில், சரிபார்க்க வருகிறவர் என்று உன் பெயர். அந்த ஏதோ ஒரு கம்பெனி நாங்கள்தான். உன் மேல் தப்பில்லை. நம் வீட்டில் யாராவது அதன் பெயரைச் சொல்லியிருக்கிறோமா? நீ தவழ்ந்த காலத்திலிருந்தே அது ‘குழாய் ஆபீஸ்’தான். கம்பெனியை வாங்கினவர்கள் போன வருஷம் பெயர்ப்பலகையை மாற்றினது அப்பாவுக்கே தெரியாது. நீ சரிபார்க்க இருந்தது உன் அம்மா போட்ட கணக்கை. அடிப்பாவி, ஒரு தடவை முகவரியையாவது பார்த்திருக்கக் கூடாதா?

அந்தக் கணக்கில் இந்த வருஷம் ஒரு தகராறு. குழாயில் அழுத்தம் ஏறினால் மிச்ச வாயுவை உயரக் கம்பத்தின் உச்சியில் கொளுத்திவிடுவோம். கீழே இருக்கும் மீட்டர் எவ்வளவு போனது என்று சொல்லும், எரிந்ததா என்று சொல்லாது. எரிந்ததாகவே வைத்துக்கொண்டு, எரியாமல் தப்பியது இவ்வளவுதான் என்று ஏதோ ஒரு சின்னச் சதவீதத்தைப் போட்டு முடித்துவிடுவது வழக்கம். இந்த முறை அடித்த காற்றில் உச்சிச் சுடர் அணைந்திருக்கிறது. நல்ல வெயிலில் அது எரிந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, அணைந்தாலும் தெரியாது. வேறு ஒரு வால்வில் கசிவு பார்க்க வாயுவைக் காட்டும் கேமராவை எடுத்துப்போனவள், சும்மா மேலே திருப்பினேன், குபுகுபுவென்று அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. எரியாமல் போகிற வாயு எரிந்ததைவிடப் பல மடங்கு கெடுதல் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சுடர் பக்கத்தில் உள்ள வெப்பமானி எப்போதிலிருந்து சில்லிட்டுப் போனது என்று பார்த்து, அந்த நாட்களை எரியாததாகவே எழுதினேன். மொத்த எண் கிடுகிடுவென்று ஏறிவிட்டது. மேனேஜர் கூப்பிட்டு, ‘எதுக்கும்மா வம்பு, எரிஞ்சதாவே போட்டுடுங்க, எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க’ என்றார். முடியாது என்றேன்.

இதற்கு நடுவில்தான் வரப்போவது நீ என்று அவருக்குத் தெரிந்தது. மனுஷன் ஸ்வீட் கொடுக்காத குறைதான். ‘அட, நம்ம வீட்டுப் பொண்ணா! அப்ப பேசாம எண்ணை மாத்திடுங்க, அவ என்ன தோண்டவா போறா’ என்றார். எனக்குச் சுருக்கென்றது. உன்னை அவருக்குத் தெரியாது. நீ என் கணக்கைப் பிரித்து மேய்ந்துவிடுவாய். ஆனால் நான் சரியாகப் போட்டு, நீயும் சரியென்றே சொன்னாலும், பார்க்கிறவன் அம்மாவும் பொண்ணும் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றுதான் சொல்வான். அப்புறம் அந்த எண்ணுக்கு என்ன மரியாதை? உன்னிடம் சொல்லி நீயாக விலகட்டும் என்று விட்டிருக்கலாம், போனில் உன் குரலைக் கேட்டபின் எனக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. நானே உன் ஆபீசுக்கு எழுதிவிட்டேன், நீங்கள் அனுப்புகிறவள் என் மகள், வேறு ஆளை அனுப்புங்கள் என்று. சரி, வேறு ஒருவர் வருவார் என்று பதிலும் வந்துவிட்டது. இந்நேரம் உனக்கும் சொல்லியிருப்பார்கள், யார் போட்டுக்கொடுத்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். நான்தான்.

அப்பா உன் மெத்தையை வெயிலில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். மெத்தையை மடித்து உள்ளே கொண்டுபோனார். சாயங்காலம், ‘அவ வரவேணாம்னு எழுத உனக்கு எப்படி மனசு வந்துச்சு’ என்று மட்டும் கேட்டார். மனசு வந்ததா என்று எனக்கே தெரியாது. அனுப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. பார்க்காமல் இருக்க முடியவில்லை. அதை முதல் வரியில் எழுதாமல், இவ்வளவு நேரம் வாயுவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த ஆள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும், அதற்கப்புறம் லீவு போட்டுவிட்டு வா. யாரையும் சரிபார்க்க வேண்டாம், சும்மா வா.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நன்றாக இரு. அந்தக் கடைவாய்ப் பல்லை இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

இப்படிக்கு,
உன் பயணத்தைக் கெடுத்த
அம்மா