ஒரு துப்பாக்கிக்கு இரண்டு பேர்

என் அண்ணனுக்கு, எப்போதும் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு,

நீ போய்ப் பதினோரு மாதமாகிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. ஆனாலும் உன்னைப் பற்றி யாராவது கேட்டால் எழுந்து நின்றுதான் பேசுகிறாள். என் பள்ளிக்கூடத்துக் கணினி அறைக்குப் புதிதாக நாலு மெஷின் வந்திருக்கிறது. மழை நாளில் கரண்ட் போகாமல் இருந்தால் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்.

போன மாதம் பதுளையிலிருந்து மாணவர் பத்திரிகை ஒன்று நடத்துகிறவர்கள், கணினி ஆசிரியர்கள் ஆளுக்கொரு விளையாட்டைப் பற்றி நிறை குறை எழுதித் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விளையாட்டுத்தானே. துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நாமே உள்ளே நடந்து போகிற மாதிரி இருக்குமே, ஒரு கூட்டம் குண்டு வைக்க, இன்னொரு கூட்டம் அதைச் செயலிழக்க வைக்கும், அது. அதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். நிறை எல்லாம் சரளமாக வந்தது. குறைக்கு வந்ததும் கை ஓடவில்லை. அதனால் இதை முதலில் உனக்கு எழுதுகிறேன்.

நிறையில் முதலாவது, அந்தக் கைகள். தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் கொழுந்து அரைக்கிற ரோலரில் உன் இடது கை மணிக்கட்டோடு போன பிறகு, புண்ணுக்கு மருந்து கட்ட வாராவாரம் பதுளை ஆஸ்பத்திரிக்கு வருவாய். வந்ததும் பஸ் நேரம் வரை நான் வேலை பார்த்த கம்யூனிகேஷன் கடையில் இருப்பாய். முன்பக்கம் டெலிபோனும் போட்டோகொப்பியும், பின்னறையில் விளையாட ஆறு கணினி. பேச்சுமில்லை, சிரிப்புமில்லை. லயத்தில் நம் வீட்டுக் காம்பிராவுக்குள் சுருண்டு கிடந்தது போலவே கடையின் வாங்குப் பலகையிலும் கிடப்பாய். ஒரு நாள் பின்னறையில் ஆளில்லாத ஒரு கணினிக்கு முன்னால் உன்னைப் பார்த்தேன். திரையில் துப்பாக்கியைப் பிடித்தபடி இரண்டு கைகள் தெரிந்தன. அந்த ஆட்டத்தில் நம் முகம் தெரியாது, உடம்பு தெரியாது, கைகள் மட்டும்தான் தெரியும்.

"ரெண்டு கையும் இருக்கு பாரு செல்வி," என்றாய். ஐந்து மாதத்தில் நீ தானாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்காகவே அந்த விளையாட்டைச் செய்தவன் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

மவுஸைப் பிடித்து நீ துப்பாக்கியைத் திருப்பினாய். ஆனால் நடக்க முடியவில்லை. நடப்பதற்கு விசைப்பலகையில் இன்னொரு கை வேண்டும். நான் பக்கத்தில் வந்து நின்று, முன்னால் நடக்க வைக்கிற டபிள்யூ விசையை அழுத்தினேன். நீ நடந்தாய். அப்படியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாய். "கொஞ்சம் பாத்து நடக்க வைய்யி, குருட்டுக் கழுத," என்று திட்டினாய். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

பிறகு புண் ஆறியும் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை நிறுத்தவில்லை. ஹெட்போனில் இடது காது எனக்கு, வலது காது உனக்கு. அந்த ஆட்டத்தில் சத்தம்தான் பெரிய பலம். எதிரி நடக்கிற காலடி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று துல்லியமாகக் கேட்கும். இடப்பக்கம் கேட்டால் நான் உன் முழங்கையில் தட்டுவேன், நீ திரும்பிச் சுடுவாய். ஆறு மாதத்தில் தட்டக்கூடத் தேவைப்படவில்லை. நான் மூச்சை இழுத்தாலே நீ திரும்பினாய்.

சின்னக் குறைகளும் இருந்தன. ஒரு பெண் பிள்ளைகூடக் கிடையாது. நம்மூர்க்காரர்களுக்குப் பொறுக்க முடியாத குறை ஒன்று, மழையே கிடையாது. எந்நேரமும் வெயிலும் மணலும்தான். புதிதாக வருகிறவனுக்குத் துளி இரக்கம் காட்டாது, அரை நிமிடத்தில் சாகடித்துவிட்டு மற்றவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார் என்று வைத்துவிடும். எனக்கு வேறொன்றும் உறுத்தும். அதற்குள்ளே யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஒரு ஞாயிறு வீட்டுக்குத் திரும்பும்போது ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிக் கையைத் தூக்கச் சொன்னார்கள். நீ ஒரு கையைத் தூக்கி நின்றாய். மற்றதையும் தூக்கு என்றார்கள். நீ சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாய். பஸ்ஸில் ஏறிய பிறகு நான்தான் அதை இறக்கிவிட்டேன்.

போட்டிக்கு வருகிறேன். பதுளையில் நடந்தது. கடைக்கு ஐந்து மெஷின் என்று கணக்கு. வெல்கிற அணி கொழும்புக்குப் போகும். நம் கடையின் ஐந்தாவது மெஷினில் நீயும் நானும். பண்டாரவளை அணிப் பையன்கள், ஒரு மெஷினுக்கு இரண்டு பேரா என்று சண்டைக்கு வந்தார்கள்.

நம் முதலாளி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வந்தார். "ஏன் தம்பி, அந்தப் புள்ள ஒரு கை, அவரு ஒரு கை. எண்ணிப் பாருங்க, ரெண்டுதான் வருது. உங்களுக்கும் ரெண்டுதானே இருக்கு?" என்றார். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

போட்டிக்கு முதல் நாள் நீ என்னிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "ஜெயிச்சா நான் கொழும்புலயே தங்கிருவேன் செல்வி. அங்க பெரிய கடையில மெஷின் பாத்துக்க ஆள் தேடுறாங்களாம்."

"நான் எப்படிண்ணே கொழும்புக்கு வர்றது? அம்மா விடாதே," என்றேன்.

"நீ எதுக்கு? அங்க ஒரு பயல் டபிள்யூ அமுக்க மாட்டானா?"

நீ விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்குத்தான் அது விளையாட்டாகப் படவில்லை. கொழும்பில் லொட்ஜில் தங்குகிற தோட்டத்துப் பையன்களைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போன கதையெல்லாம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பயம் எனக்கு உண்மையிலேயே இருந்தது. ஆனால் பாதிதான் பயம், அண்ணே. மீதிப் பாதி பொறாமை. உன் இடப்பக்கத்தில் வேறு யாரோ உட்காரப் போகிறார்கள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கடைசிச் சுற்று. நம் அணியில் நீ மட்டும் மிச்சம், அந்தப் பக்கம் ஒருவன் மிச்சம். குண்டு வைத்தாகிவிட்டது, நேரம் ஓடுகிறது. வெட்டவெளியைக் கடந்து போய் அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். "நட," என்றாய். நான் அழுத்தினேன். பாதி தூரம் போயிருப்போம். என் இடது காதில் காலடி கேட்டது. அவன் எங்கிருந்து வருகிறான் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் உன்னைத் தட்டவில்லை. டபிள்யூவிலிருந்து விரலை எடுத்தேன்.

வெட்டவெளியில் நீ அப்படியே நின்றாய். அடுத்த நொடி திரை சரிந்தது.

எல்லாரும் நம்மைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்துக்கொண்டு சொன்னாய்: "சாரிப்பா, என் கை வழுக்கிருச்சு."

பின்னால் நின்ற யாரோ, "ஒத்தக் கையோட இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு," என்றார். பாவம் என்று நினைத்துத்தான் சொன்னார். நீ தலையை ஆட்டினாய். அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு வந்தாய், அப்புறம் வரவில்லை. வெலிமடையில் மரக்கறி மூட்டைகளை லொறிக்கு ஏற்றுகிற இடத்தில் கணக்குத் துண்டு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தாய், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டாய். கல்யாணத்தன்று அண்ணியிடம் இந்தக் கதையை நீயே சொல்லிச் சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அண்ணே, மவுஸில் கை வழுக்கினால் துப்பாக்கிதான் திரும்பும், கால் நிற்காது. அந்த ஆட்டத்தைத் தொட்ட எவனுக்கும் இது தெரியும். உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே சொன்னாய்? நான் ஏன் விரலை எடுத்தேன் என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாமே? நீ கேட்டிருந்தால் உன் காலைப் பிடித்து அழுதிருப்பேன். நீ மார்பு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி நாலு நாளும் உன் பக்கத்திலேயேதான் இருந்தேன். தினமும் சொல்ல நினைத்தேன். நீ அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர்ப் போத்தல் வாங்கிக் கொடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஆக, அந்த விளையாட்டின் பெரிய குறையை இப்போது எழுதிவிட முடியும். நாம் இரண்டு பேர் உள்ளே இருந்தோம், அதற்கு ஒரே ஆள்தான் தெரிந்தது. தோற்றபோது ஊர் யாரைப் பார்க்கும்? கை குறைந்தவனைத்தான் பார்க்கும். அதை எனக்குச் சாதகமாக நான் ஆறு வருஷம் வைத்துக்கொண்டேன்.

போன வாரம் அண்ணியைப் பார்க்க வெலிமடைக்குப் போயிருந்தேன். உன் மகளுக்கு நாலு வயதாகிறது, முகத்தில் அந்த நாடி உன்னுடையது. தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். அண்ணி முறைத்ததும் அவள் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா மாதிரி என் கையும் வழுக்குது." சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வருகிற ஞாயிறு மறுபடியும் வெலிமடைக்குப் போகிறேன். பத்திரிகைக்கு எழுதியதை அவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் அண்ணிக்கு வாசித்துக் காட்டுவேன். அண்ணி என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். உன் மகளை மடியில் வைத்து, அவளுக்குப் புரிகிற அளவுக்குச் சொல்வேன். கண்ணு, உங்கப்பா கை வழுக்கவே இல்ல. விரலை எடுத்தது அத்தைதான்.

உன் தங்கச்சி,
செல்வி