அசையாமல் நின்றவன்

கிள்ளான்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் விஷ்ணுப்ரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், ஜெர்மனியில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய். அந்த வரியில் உன் தம்பி லோகனைச் சேர்க்கக் கை வரவில்லை. கிடங்கில் வண்டி ஏறிய வலது காலை முட்டிக்கு மேலே எடுத்துவிட்டார்கள், அது உனக்குத் தெரியும். நேற்று வார்டில், இல்லாத அந்தக் காலைச் சொறியக் குனிந்து கட்டிலிலிருந்து விழுந்தான், அது உனக்குத் தெரியாது. வரும் தைப்பூசத்துக்குப் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தான், வீட்டில் இப்போது யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

உன் கம்பெனி அனுப்பிய விபத்து ரிப்போர்ட்டை அகராதி வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். போர்ட் கிள்ளான் கிடங்கில் தூணில் மாட்டிய கேமரா, அதற்குள் நீ வடிவமைத்த செயற்கை விழித்திரை சிப், அதுதான் பெட்டி தூக்கும் ஆளில்லாத ஃபோர்க்லிப்ட் வண்டிக்கு வழி காலி என்று சொல்லியிருக்கிறது. தொழிலாளி பெட்டி நம்பரை எழுதிக்கொண்டு அசையாமல் நின்றானாம், தவறு அவனுடையதாம், யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லையாம். நாலு பக்கத்தில் லோகன் என்ற பெயர் ஓர் இடத்திலும் இல்லை, கடைசியில் உன் கையெழுத்து இருக்கிறது.

போன தீபாவளிக்கு வந்தபோது, "நம்ம கண்ணும் மூளையும் வேலை செய்ற மாதிரியே செஞ்சிருக்கோம்பா, எது மாறுதோ அத மட்டும்தான் பாக்கும், அதான் அவ்ளோ வேகம்" என்றாய். நான் பாசாரில் கடை கடையாகச் சொல்லிப் பெருமைப்பட்டேன். அசையாத ஆள் அதற்கு ஆளே இல்லை என்று எனக்கு உறைக்கவில்லை. லோகனுக்கு உறைத்திருக்கிறது. விபத்துக்கு மூன்று வாரம் முன்னால் உனக்கு அனுப்பியதை அவன் போனில் பார்த்தேன். "அக்கா, காக்கா பறந்தாகூட வண்டி நிக்குதுன்னு பாஸ் கத்துனாரு, நீ கேமராவுல என்னமோ கொறச்சு வச்ச, இப்ப நான் சும்மா நின்னா என்னையே அதுக்குத் தெரியல லா, செக் பண்ணு" என்று எழுதியிருக்கிறான். "அப்பப்ப கைய ஆட்டுடா" என்று பதில் போட்டு, ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறாய்.

அதைப் பற்றி அவனிடம் கேட்டேன். "அழிச்சிருங்கப்பா, அக்கா வேல போயிரும்" என்று போனைப் பிடுங்கப் பார்த்தான். நான் அழிக்கவில்லை. இன்று காலை அவன் மருந்து மயக்கத்தில் இருந்தபோது போனை எடுத்துக்கொண்டுபோய் விசாரணை அதிகாரியிடம் கொடுத்துவிட்டேன். அதிலிருந்து என்னோடு பேச மறுக்கிறான், அம்மாவும் பேசவில்லை. உன்னைக் கூப்பிடுவார்கள். அவர்களிடமாவது உண்மையைச் சொல்.

குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, வேளைக்குச் சாப்பிடு. என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, பெற்றவனுக்கு அதை நிறுத்தும் வழி தெரியவில்லை. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, விசாரணை முடியும்வரை இங்கே வராதே. நீ கட்டில் பக்கத்தில் நின்று அழுதால், "நான்தான் தப்பாக நின்றேன்" என்று அவனே அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிடுவான்.

உன்னைப் பெற்ற
அப்பா, தங்கமணி