பொழுது சாயுமுன்

செஞ்சி,
8-1-1966

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெயமாலா வணங்கி எழுதுவது. பிறந்த வீட்டில் நைனாவும் நானும் சுகம். சுங்கப் படகில் ஆற்றுக்கும் கடலுக்குமாக அலைகிறவர், பெண்டாட்டிக்கு ஒரு கார்டு போட்டால் குறைந்தா போய்விடுவீர்கள்?

தம்பி சீதளநாதன் மணிலாக்கொட்டை வியாபாரமாகப் பரங்கிப்பேட்டை வருகிறான். எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புகிறேன். "அந்த வேலையில மாமா எப்டிக்கா பொழுதோட சாப்புடுறாரு?" என்று கேட்டான். "எவ்ளோ வேல இருந்தாலும் இருட்டறதுக்குள்ள படகைக் கரைக்குத் திருப்பிடுவாருடா. ஜைன வீட்டுப் புள்ள, விளக்கு வச்சப்புறம் சாப்புட மாட்டாரு!" என்று பெருமையடித்துக்கொண்டேன்.

உங்கள்
ஜெயமாலா

பரங்கிப்பேட்டை,
27-1-1966

அன்புள்ள ஜெயமாலாவுக்கு,

ஊறுகாய் வந்தது. பாதியைப் படகோட்டி யாகப்பனே தீர்த்துவிட்டார்.

இங்கே ஒரு சங்கடம். தங்கம் கடத்தும் தோணி ஒன்று முகத்துவாரத்தில் நுழைகிறதாம். அதுவும் நான் சாப்பிடக் கரைக்குத் திரும்பும் நேரம் பார்த்து! என் சாப்பாட்டு வேளை அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அதிகாரி என்னையே முறைக்கிறார். இனி மாலையில் பட்டினிதான். சுரபுன்னைக் காட்டுக்குள் படகை மறைத்து நிற்கப்போகிறேன். நீ யாரிடமாவது பேச்சுவாக்கில் சொன்னாயா?

ஸ்ரீபால்

செஞ்சி,
31-1-1966

அன்புள்ள அத்தானுக்கு,

தம்பியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் கடிதம் பார்த்த பிறகுதான் உறைக்கிறது. புது சைக்கிள், புது வாட்ச் என்று வந்து நின்றான். கொட்டை வியாபாரத்தில் இவ்வளவு கிடைக்குமா என்று நான் கேட்கவே இல்லை. நேற்று மறுபடியும் அங்கேதான் கிளம்பிப் போனான்.

அவனாக இருந்தால் இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள். மேல்சித்தாமூர் ஜைன மடத்துக்கு இழுத்துப்போய்ச் சத்தியம் வாங்குகிறேன். அம்மா போனபின் நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

ஜெயமாலா

பரங்கிப்பேட்டை,
4-2-1966

ஜெயமாலா,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. சீதளநாதனை நேற்றே பிடித்துவிட்டோம். கொட்டை மூட்டைக்குள் தங்கக் கட்டிகள் இருந்தன. தோணியின் கயிற்றைப் பிடித்து இழுத்தவன் நான்தான். என்னைப் பார்த்ததும் அவன், "மாமா, நீங்க இன்னும் சாப்டலியா?" என்றான். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடிதம் முன்னாலேயே வந்திருந்தால் விட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. விட்டிருக்க மாட்டேன்.

லீவு கேட்டிருக்கிறேன். வந்து நைனாவின் காலில் விழுகிறேன்.

ஸ்ரீபால்

செஞ்சி,
8-2-1966

அன்புள்ள அத்தானுக்கு,

வர வேண்டாம். நைனா, "உன் புருசன் வாசப்படி ஏறுனா நான் எறங்கிப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். ஊரே உங்களைத் திட்டுகிறது. நானும் சேர்ந்து திட்டினால் மனசு ஆறும். முடியவில்லை. வாயை விட்டவள் நான். நீங்கள் உங்கள் வேலையைச் செய்தீர்கள்.

விட்டிருக்க மாட்டேன் என்று எழுதினீர்களே, பத்துத் தடவை படித்தேன். அப்படிப்பட்ட மனிதர் என்றுதான் உங்களை ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டேன். அதே மனிதரோடு இனி ஒரு வீட்டில் இருக்க என்னால் ஆகாது, அத்தான்.

ஜெயமாலா