பிழையாய் வெந்த ஸ்கோன்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். முற்றம் சேறு. வசந்திக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றிக் கூட்டிவந்ததிலிருந்து வாய் முழுக்கப் புண். கஞ்சி வேண்டாம், இடியப்பம் வேண்டாம், கட்டின என் முகமும் வேண்டாம். நிறை இன்னும் குறைந்தால் அடுத்த மருந்து ஏற்றமாட்டார்களாம். மத்தியானம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "சுபா செய்து தந்த ஸ்கோன் எண்டால் ஒண்டு தின்னுவன்."

சுபா, தம்பியின் மனைவி. மூன்று வருடம் முன் லண்டனிலிருந்து அவளை மட்டும் அனுப்பினான். தான் வரவில்லை. அம்மாவின் செத்தவீட்டுக்கே வராதவன். அவனுக்குப் பதிலாக ஆவியிலும் வேகவைக்கிற மின்னடுப்பு, ஒரு ஸ்டீம் அவண், கப்பலில் வந்தது. அதில்தான் சுபா ஸ்கோன் சுட்டாள், வெள்ளைக்காரரின் தேத்தண்ணிப் பலகாரம். அவள் போன அன்றே பழைய சாரத்தால் அதை மூடினேன். அவனோடு கதை இல்லை.

வாங்கியது: கோதுமை மா, பட்டர், பேக்கிங் பவுடர். கடை முதலாளி: "என்ன சேர், பென்சன் காணாதோ? பேக்கரி போடப்போறியளோ?" இவன் மகனுக்கு அட்சரகணிதம் புகட்டியவன் நான்.

நவ. 5, புதன்

மழை விட்டது. சாரத்தை எடுத்தால் பின்னால் பல்லி முட்டை. கிணற்றுத் தண்ணீர் விட்டால் சுண்ணாம்பு படியும். வடிகட்டின தண்ணீர் கலனில் வாங்கிவந்து ஊற்றினேன்.

பொத்தான்களில் எழுத்து இல்லை, எல்லாம் படம்.

"சுபாவைக் கேக்கட்டோ?" என்றாள் வ.

"ஆவியில அவிக்க எங்களுக்கு லண்டன்காரர் சொல்லித் தரவேணுமே?"

மாவைக் குழைத்து உள்ளே வைத்து, பொத்தான்களைக் கண்டபடி அமத்தினேன். வந்தது வெள்ளை வெளேரென்று, மெதுமெதுவென்று, அடியில் ஈரம். புட்டுமில்லை, பாணுமில்லை. வ. பார்த்துச் சிரித்தாள். கன நாளைக்குப் பிறகு. "குளிச்சிட்டுத் துடைக்காமல் வந்த மாதிரி நிக்கினம்." ஒன்றைத் தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றாள். என்மேல் இரக்கப்பட்டிருப்பாள். மிச்சம் கோழிக்கு.

நவ. 6, வியாழன்

எனக்குச் சொல்லாமல் வ. சுபாவுக்குப் போன் எடுத்துவிட்டாள். ஸ்பீக்கரில்.

"அக்கா, அத்தான் முழு ஆவியில போட்டிட்டார். நல்லாச் சூடாக்கிப்போட்டு, ஆவி கொஞ்சமாத்தான் விடவேணும்." பிறகு எந்தப் படம், எவ்வளவு நேரம் எல்லாம் சொன்னாள்.

அவள் பின்னால் யாரோ இருமினார்கள். அவன்தான். வெளியே போய் வாழைக்குத் தண்ணீர் விட்டேன். நேற்றுவரை மழை பெய்த வாழை.

பின்னேரம் சுபா சொன்னபடி. பொங்கி, பொன்னிறமாய், பக்கம் வெடித்து. புத்தகப் படம் தோற்கும். தட்டைக் கொண்டுபோகும்போது நெஞ்சை நிமிர்த்தித்தான் போனேன்.

வ. கடித்தாள். கண்ணில் தண்ணீர். ஓரம் புண்ணைக் கிழித்துவிட்டது, உதட்டில் இரத்தம்.

"நல்லாத்தான் இருக்கு. என்னாலதான் ஏலாது."

பிறகு ஒன்றும் தின்னவில்லை.

நவ. 7, வெள்ளி

வெயில். கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. வ. காலையில் பால் மட்டும், அதுவும் அரைவாசி.

"இஞ்சருங்கோ, முதல் செய்ததைச் செய்து தாங்கோ."

"அது பிழையெல்லே."

"அந்தப் பிழையைத்தான் கேக்கிறன்."

செய்யத் தெரியவில்லை. அன்றைக்கு எதை அமத்தினேன்? ஒருமுறை போட்டேன், கல். மறுமுறை போட்டேன், சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிட்டது. சரியாகச் செய்ய ஆள் இருக்கிறது. பிழையாகச் செய்ய யாரைக் கேட்பது?

வ. நித்திரை. அவள் போனை எடுத்தேன். அவன் வேலைக்குப் போயிருப்பான் என்ற துணிவில் சுபாவின் நம்பரை அமத்தினேன்.

"அலோ, அண்ணி?"

அவன்.

போனை வைத்துவிட்டிருக்கலாம். "முழு ஆவிக்கு எந்தப் படம்?" என்றேன். "மேகமோ, துளியோ?"

ஒருமுறை இருமினான். பிறகு, "கமராவைப் போடுங்கோ அண்ணை, பாப்பம்."

போட்டேன். அவணை மட்டும் காட்டினேன். துளிதானாம். வெந்து முடியும்வரை அவனும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. ஒருவரும் கதைக்கவுமில்லை.

வ. ஒன்றரை தின்றாள்.